நரி அண்ணி தேர்ந்தெடுத்த பிரவுசர்

வீட்டில் எல்லோருக்கும் அவள் நரி அண்ணி. பட்டம் வைத்தவன் கொழுந்தன். வேகம் செத்துப்போன பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடப் பார்த்தார்கள். அவன்தான் அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டு உயிர் கொடுத்து, அண்ணி தலையில் கட்டினான். “பிரவுசர் மட்டும் நீங்களே பாத்து எடுத்துக்கோங்க அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த வீட்டில் அவளிடம் யாரும் சொன்னதே இல்லை. சமையலறைச் சுவருக்கு என்ன நிறம் என்பதை மாமனார் முடிவு செய்தார். மகளுக்கு எந்தப் பள்ளி என்பதைக் கணவர் முடிவு செய்தார். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைதான் லாயக்கு என்பதை மாமியார் முடிவு செய்தார். அதனால் பிரவுசர் விஷயத்தை அவள் லேசில் விடவில்லை. வாரத்துக்கு ஒன்றாக ஆறு பிரவுசர்களோடு குடித்தனம் நடத்திப் பார்த்தாள். ஒன்று கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது, ஆனால் இருக்கிற நினைவகத்தையெல்லாம் விழுங்கி ஏப்பம் விட்டது. ஒன்று பார்க்க லட்சணம், வீடியோ போட்டால் மூர்ச்சை. இன்னொன்று படு சிக்கனம், பாதிப் படங்களைக் காட்டவே மாட்டேன் என்றது. கடைசியில் ஃபயர்பாக்ஸில் மனம் நின்றது. அதன் சுருண்டு கிடக்கும் நரிச் சின்னத்தைப் பார்த்துத்தான் கொழுந்தன் பட்டம் கட்டினான். நரிக்கு உண்டான தந்திரம் அவளிடம் மருந்துக்கும் கிடையாது, அது வேறு விஷயம்.

பீரோவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் அவள் மேஜை. யார் யாரோ வாடிக்கையாளர்கள் போனில் திட்டியதை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது வேலை. அந்தக் கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு பிரவுசர் இருந்தது. அதைத் திறந்தால்தான் வேலை வரும். திரையில் நடப்பது, மைக்கில் பேசுவது எல்லாம் அதன் வழியாக சூப்பர்வைசர் அம்மாவுக்குப் பதிவாகிப் போகும். அதை நிறுவிய அன்று, “இனி எல்லா இணைப்பும் இதிலேயே திறக்கட்டுமா?” என்று ஒரு கேள்வி வந்தது. எல்லோரும் செய்வதைப் போல, படிக்காமலே ‘ஆம்’ என்று தட்டிவிட்டாள்.

கம்பெனி பிரவுசர் சோற்றுக்கு, நரி மூச்சு விட. அப்படித்தான் ஏழு மாதம் ஓடியது. நரியில் அவள் திறந்து வைத்திருந்ததெல்லாம் வேலை விளம்பரங்கள். சம்பளம்கூடப் பெரிதில்லை, காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வீட்டில் மூச்சுக் காட்டவில்லை. வேலை கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஒரு பாடப்புத்தக நிறுவனம் அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வீடியோவில் பேச இணைப்பு மெயிலில் வந்திருந்தது. மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, அவசர அவசரமாக மெயில் செயலியிலிருந்தே அந்த இணைப்பை அழுத்தினாள். தன் முகம் திரையில் வந்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். எந்த பிரவுசர் திறந்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

நன்றாகத்தான் பேசினாள். இருக்கிற வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் வாய் மீறிவிட்டது. பாத்ரூம் போனாலும் கணக்குக் கேட்கிறார்கள், மூச்சு முட்டுகிறது என்று மனதில் இருந்ததைக் கொட்டினாள். அவர்கள் சிரித்து, திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள். திரையில் அந்த ஜன்னலை மூடப் போகும்போதுதான் மூலையில், பதிவாகும் நேரத்தைக் காட்டும் கம்பெனி பிரவுசரின் சிவப்புக் கடிகாரம் கண்ணில் பட்டது. இருபத்திரண்டு நிமிடம் ஓடியிருந்தது.

மூன்று நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் அம்மா போன் செய்தாள். குரலில் கோபமே இல்லை.

“ரெக்கார்டிங் பாத்தேன். அந்தப் புத்தகக் கம்பெனியில நானே பேசிட்டேன்மா. நீங்க எங்ககிட்ட ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல இருக்கீங்க, வர முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

“நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே மேடம்.”

“அதான் இப்ப அனுப்பிருக்கேன். போட்டுடுங்க. இல்லன்னா வேலை நேரத்துல இன்டர்வியூ குடுத்ததை நான் மேல சொல்லணும். அப்புறம் அதுவும் இல்ல, இதுவும் இல்ல.”

போனை வைத்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸுக்குள் போய், எல்லா இணைப்பும் நரியில் திறக்கும்படி மாற்றினாள். இரண்டே சொடுக்கு. பிறகு ஒப்பந்த இணைப்பை அழுத்தினாள். நரி திறந்து, இந்தப் பக்கம் கம்பெனி பிரவுசரில் மட்டுமே வேலை செய்யும் என்று காட்டியது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இணைப்பை நகலெடுத்து அங்கே ஒட்டினாள். கையெழுத்துக் கேட்ட இடத்தில் எல்லாம் பெயரை எழுதினாள்.

போனில் யார் என்று கேட்டபடி மாமியார் வந்து நின்றாள். புதிய வேலைக்கு முயன்றதைச் சொல்ல இனி என்ன இருக்கிறது? வேலை இரண்டு வருஷத்துக்கு உறுதியாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. மாலைக்குள் வீடு முழுக்கச் செய்தி பரவி, மாமனார்கூட மேஜை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“வாசப்படி தாண்டாமலே எல்லாம் உன்னைத் தேடி வருது” என்றாள் மாமியார், மனசார. “குடுத்து வச்சவ நீ.”

“ஆமா அத்தை” என்றாள் அவள்.