நாலாவது கியரின் குமிழ்

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புக் குமிழ் கிடக்கிறது. வேனில் கியர் ராடின் தலையில் திருகி வைப்பார்களே, அது. அதன் உச்சியில் ஒன்று முதல் நாலு வரை வெள்ளை எண்கள் இருந்தன. எல்லாம் என் வலது உள்ளங்கையில் தேய்ந்து போய்விட்டன. ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் ஊசிக்கும் குப்பிக்கும் நடுவே இது எதற்கு என்று புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் கேட்பார்கள். மூன்று வருஷம் ஒரு வண்டியின் நாலாவது கியரைப் பிடித்துக்கொண்டே வேலைக்கு வந்தவள் நான் என்றால் எவள் நம்புவாள்?

கீரப்பாளையத்தில் எங்கள் வீடு. வேன் என் மாமனாருடையது. காலையில் சிதம்பரம் போய் ஆபீஸ்காரர்கள் பதினோரு பேரை ஏற்றிக் கடலூரில் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். கல்யாணமான புதிதில் நானும் அந்த வண்டியிலேயே கடலூர் லேபுக்குப் போனேன். கணவர் ஒரு மாத லீவில் வந்து தாலி கட்டிவிட்டுச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டார். "இந்த மாசம் முடிச்சிட்டு நின்னுடும்மா. நம்ம வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போயிப் பழக்கமில்ல" என்றார் மாமியார். போனில் கணவரும் அதையேதான் சொன்னார். அம்மா சொன்னதற்கு மேல் ஓர் அட்சரம் சேர்க்கத் தெரியாதவர். அந்த மாதக் கடைசியில்தான் கியர் துள்ள ஆரம்பித்தது.

நாலாவதில் ஓடும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், ராடு தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும். மறுபடி மிதித்தால் இன்ஜின்தான் ஓவென்று கத்தும், வண்டி போகாது. உள்ளே ஸ்பிரிங்கும் கியரைத் தள்ளுகிற ஃபோர்க்கும் தேய்ந்துவிட்டன, கியர் பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும், நாலைந்து நாள் வண்டி நிற்கும் என்றார் மெக்கானிக். அத்தனை நாள் நின்றால் பதினோரு பேரும் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். சரிசெய்ய வழி பிறக்கும்வரை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ராடை அழுத்திப் பிடிக்க வேண்டும். "சவாரி வர்றவுங்களயா புடிக்கச் சொல்ல முடியும்? அது முன்னாடிதான ஒக்காருது, புடிக்கட்டும்" என்று மாமியாரிடம் சொன்னார் மாமனார். "சரி. கியரு சரியானதும் நின்னுடணும்" என்றார் மாமியார். என் உத்தியோகம் ஒரு தேய்ந்த ஸ்பிரிங்கில் வந்து நின்றது.

அந்த வீட்டில் மருமகள் மாமனார் எதிரே உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே ராடில் கை வைக்க வேண்டுமென்றால்! அவர் தன் துண்டை ராடின் மேல் போர்த்தினார். பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியாது, கையும் கையும் படாது. "புடிம்மா" என்றால் துண்டுக்கு அடியில் கை விட்டுப் பிடிப்பேன். கிளட்ச் மிதிக்கும் முன்னால் "வுடும்மா" என்பார், சட்டென்று இழுத்துக்கொள்வேன். மூன்று வருஷத்தில் எங்கள் பேச்சு இவ்வளவுதான். ஒருமுறை ஆலப்பாக்கம் தாண்டியதும் போன் அடித்ததென்று கையை எடுத்துவிட்டேன். ராடு துள்ளி, வண்டி தொய்ந்து, பின்னால் வந்த லாரி முட்டாத குறை. அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். அதன்பிறகு மூக்கு அரித்தாலும் இடது கைதான். தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும். பாழாய்ப்போன ராடே என்று திட்டுவேன். திட்டிய வாயாலேயே, சாமி, இது சரியாகிவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்வேன்.

தலை ஆடிக்கு நெல்லிக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்தே பஸ்ஸில் லேபுக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து வேனில் ஏறும்போது என் கண் ராடின் மேலேயே இருந்தது. ஒரு மாதம் கிடைத்ததே, சரிசெய்திருப்பாரோ? மாமனார் துண்டைப் போர்த்தினார். "புடிம்மா." அப்பாடா என்று பிடித்தேன். ராடின் உதறல் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. விட்டுப் பார்க்கிற தைரியம் யாருக்கு இருந்தது? மாமியார் கேட்கும்போதெல்லாம் "சாமான் கெடைக்கல" என்பார் அவர். "ஊரு ஒலகத்துல இல்லாத சாமான்" என்று மாமியார் முணுமுணுப்பார்.

மூன்றாம் வருஷம் மாமனார் காய்ச்சலில் படுத்தார். அன்றைக்கு வண்டி ஓட்ட மெக்கானிக் வந்தார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி நாலாவது போட்டதும் என் கை தானாகப் போய்ப் பிடித்தது.

"என்னாம்மா இது, கைய எடுங்க."

"துள்ளுமேண்ணே."

"எது துள்ளும்? பொட்டியப் பிரிச்சி ஸ்பிரிங்கு, ஃபோர்க்கு அத்தினியும் மாத்துனது நானு. நீங்க ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போயிருந்தீங்களே, அப்ப. அந்த நாலு நாளும் எங்க ஷெட்டு வண்டியிலதான் சவாரி ஓட்டுனாரு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சி. பெரியவரு சொல்லல?"

கையை எடுத்தேன். கடலூர் வரை ராடு அசையவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. 'அது வேலைக்குப் போவட்டும்' என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத மனுஷன், சும்மா நின்ற இரும்பை இரண்டு வருஷம் என்னைப் பிடிக்க வைத்திருக்கிறார்! அது அடங்க இரண்டு நாள் ஆனது. மாமியாரை எதிர்த்துப் பேசி அவருக்கும்தான் பழக்கமில்லை. அந்த வீட்டில் என்னைப் போலவே அவரும் மாட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சல் விட்டு வந்தவர் துண்டைப் போர்த்தி "புடிம்மா" என்றார். தெரிந்தே பிடித்தேன், வேறு என்ன செய்ய?

சில மாதத்தில் அவர் கண்ணில் புரை விழுந்தது. இனி ஓட்டக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் வேனை வாங்கிப்போக வந்தார். வாசலில் நின்ற மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. "பாத்து ஓட்டுப்பா, நாலாவது கியரு துள்ளும். பக்கத்துல ஆளு புடிக்கணும்" என்றார்.

வாங்க வந்தவர் சிரித்தார். "இப்பத்தானம்மா புவனகிரி வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். கல்லு மாரி நிக்குது."

மாமியார் திரும்பினார். "ஏங்க, சாமான் கெடைக்கலன்னீங்களே?" மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் மரத்து உச்சியைப் பார்த்தார். பிறகு மாமியாரின் பார்வை என் மேல் வந்தது. இனிமேல் பிடித்துக்கொள்ள ராடும் இல்லை.

"எனக்கும் தெரியும் அத்த. வேலைய வுட மாட்டேன். நாளையிலேருந்து பஸ்ல போறேன்" என்றேன். மாமனார் எதிரே நின்று நான் பேசிய முதல் பேச்சு அது. மாமியார் விருட்டென்று உள்ளே போய்விட்டார். வண்டி வாங்கியவர் தேய்ந்த குமிழைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் திருகினார். நான் குனிந்து அதை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமியார் வழக்கம்போல் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருக்கவில்லை. இன்றுவரை நானேதான் கட்டிக்கொள்கிறேன். கணவர் பத்து நாள் போனில் பேசவில்லை, போகட்டும். முதல் நாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது மாமனார் எனக்குப் பத்தடி முன்னால் நடந்து, திரும்பிப் பார்க்காமலே, பஸ் நிறுத்தம் வரை வந்தார். பஸ்ஸில் சரியான கூட்டம். படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "புடிம்மா, நல்லாப் புடிச்சிக்க."

இடது கையால் கம்பியைப் பிடித்தேன். வலது கை பைக்குள் குமிழைப் பிடித்திருந்தது.