நாற்பது மைலுக்கு மேல் ஆடிய மோட்டார் சைக்கிள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரே தங்கையான நான் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனைப் புகழ்ந்து எழுத அண்ணியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதை விட்டால் அவர் வரலாற்றில் பாதி போய்விடும்.

அண்ணன் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணன் முட்டி மோதிப் படித்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸர் ஆனார். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் அண்ணன்தான். மூன்று தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருந்ததால், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து போராடிய அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, சாலையில் சோதனைச்சாவடி, மாலையானால் ஊரடங்கு. இரண்டாவது தோட்டத்துக்குப் போகும் சாலையில் மூன்று மைலுக்கு இருபுறமும் ரப்பர் மரங்கள். அங்கே லோரிகளைச் சுட்டிருந்தார்கள். அதனால் அந்த மூன்று மைலை யாரும் மெதுவாகக் கடப்பதில்லை. அண்ணனின் வண்டியோ நாற்பது மைல் வேகத்தைத் தொட்டதும் முறத்தில் அரிசி புடைப்பது போல ஆடும். வேகமாகப் போனால் விழ வேண்டும், மெதுவாகப் போனால் குண்டடி பட வேண்டும்.

"இந்த மாசத்துக்குள்ள ஆட்டம் நிக்கலன்னா வண்டிய ஆத்துல தள்ளிருவேன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம் ஐயா" என்று அம்மா கெடு வைத்துவிட்டார். அம்மா சொன்னால் செய்வார்.

அண்ணன் வண்டியை நோயாளியாகவே நடத்தினார். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றில் "காய்ச்சல் இல்லை, நாற்பதில் நடுக்கம்" என்று எழுதி வைத்தார். ஓடும்போதே கிளட்சை அழுத்திப் பார்த்தார், ஆட்டம் நிற்கவில்லை. "இஞ்சின் நிரபராதி" என்று தீர்ப்புச் சொன்னார். இருக்கையை விடக் கைப்பிடி அதிகமாக ஆடியதால் நோய் முன்சக்கரத்தில் என்று முடிவு செய்து அதைக் கழற்றினார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பேரிங் மாற்றினார், டயரைத் திருப்பிப் போட்டார். ஆட்டம் அசையவில்லை.

"மோட்டாருக்கு வயசாயிருச்சு லா, டிரஸரே. நமக்கும் அப்ப கை நடுங்கும்தானே" என்றார் தோட்டத்து லோரி ஓட்டுநர். அண்ணன் அவருக்குச் சத்து மருந்து கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சக்கரத்தின் கம்பியில் ஒரு தாயத்து இருந்தது. கட்டை விரல் பருமனில் பித்தளைக் குழல், உள்ளே செப்புத் தகடும் திருநீறும், வாயை ஈயத்தால் அடைத்திருந்தார்கள். அம்மாதான் பூசாரியிடம் சொல்லிச் செய்து வாங்கி வந்தார். "முன்சக்கரந்தானே மொதல்ல ஆபத்தப் பாக்குது" என்பது அவர் கணக்கு. சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் அண்ணன் தாயத்தை அவிழ்த்துச் சாமிப் படத்தின் முன் வைப்பார். ஓட்டிப் பார்க்கும் முன் நான் மறுபடியும் கட்டுவேன். அம்மா பக்கத்தில் நின்று முடிச்சை இழுத்துப் பார்ப்பார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, சோதனைச்சாவடிக்குப் புதிதாக வந்த மலாய்க் காவலர் அந்தக் குழலைத் தொட்டு "அபா இனி?" என்று கேட்டார். "இது என்ன?" என்ற அந்தக் கேள்விக்கு அண்ணன் சொன்ன எந்த விளக்கமும் அவரிடம் எடுபடவில்லை. குழலுக்குள் காட்டிலிருப்பவர்களுக்குச் சீட்டுப் போகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். மேலதிகாரி பார்த்த பிறகு தருவதாகச் சொல்லி அவிழ்த்து வைத்துக்கொண்டார்.

தாயத்து இல்லாமல் அந்த மூன்று மைல். அண்ணனுக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே பயம் வந்ததாம். கண்ணை மூடாத குறையாக விரட்டினார். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. கைப்பிடி கோயில் தூணாக நின்றது. திரும்பும்போது தாயத்து கிடைத்தது, கட்டினார், வண்டி மறுபடியும் ஆடியது.

வீட்டுக்கு வந்து முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுழற்றினார். ஒவ்வொரு முறையும் தாயத்து கீழே வந்துதான் சக்கரம் நின்றது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"அவுத்துரலாமா அண்ணே?"

"அவுத்தா அம்மா என்னைய வெளிய விடாது. அவுக்கலன்னா வண்டி ஆத்துல."

மறுநாள் பூசாரியிடம் போய் இன்னொரு தாயத்து வாங்கி வந்தார். இரண்டையும் மருந்துத் தராசில் வைத்து, ஈயத்தைச் சுரண்டிச் சரி எடைக்குக் கொண்டுவந்தார். சக்கரத்தில் முதல் தாயத்துக்கு நேர் எதிரே அதைக் கட்டினார். ஆட்டம் நின்றது.

"இன்னொண்ணு எதுக்கு ஐயா?" என்று அம்மா கேட்டார்.

"அது எனக்குக் கட்டுனது. இது உனக்கும்மா. நான் திரும்பி வர்ற வரைக்கும் நீயும் பயப்படாம இருக்கணும்ல."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புது முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

அவசரகாலம் முடியும்வரை அண்ணன் அந்தச் சாலையில் போய் வந்தார். ஓய்வு பெற்று ரவாங்கில் குடியேறினார். அம்மா இறந்த பிறகு, இனி அவருடைய தாயத்தைக் கழற்றலாமே என்று யாரோ சொன்னபோது, "ஒண்ணக் கழட்டுனா இன்னொண்ணு ஆட்டும்" என்று மறுத்துவிட்டார்.

கடைசி நாட்களில் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டாருக்கும், கண் விழித்துப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பெயர் தெரியாத அந்தக் காவலருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. முன்சக்கரம் மட்டும் இரண்டு தாயத்துகளோடு என் வீட்டில் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன் பேரனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிச் சுழற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.