பதினாலு பக்க நீலம்

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செந்தமிழ்ச்செல்வி, பதினெட்டு வருஷமாகக் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. கதை எழுதியவர் பேர் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். இவள் பேர் உள்ளே, விலாசத்துக்கும் விலைக்கும் நடுவில், எறும்பு சைஸில். அவ்வளவு நீளப் பேரை அத்தனை சின்னதாக அச்சடிக்கவும் ஒரு திறமை வேண்டும்தான்.

படம் வரைகிறவர்களுக்கென்றே சென்னையில் ஒரு விருது கொடுக்கிறார்கள். இந்த வருஷம் கடைசி மூன்று பேரில் செல்வியும் ஒருத்தி. கிடைத்தால் அடுத்த பதிப்பில் பேரை அட்டையில் போடுவதாகப் பதிப்பாளர் அரங்கநாதன் சொல்லியிருந்தார். அவளுக்கு அது வேண்டும். ஆசை என்று மழுப்புவானேன், வெறி. விருதுக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு, வேலை இல்லாத நேரமெல்லாம் அதையே படித்தாள்.

விருதுக்குப் போன புத்தகம், மலை உச்சியில் வாழும் சிறுமி மேகத்தோடு சிநேகமாகிற கதை. எழுதியவர் கல்வராயன் மலையைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். செல்வி தினமும் பார்க்கிறாள். கடையிலிருந்து தலையைத் தூக்கினால் கரும்பு வயல், அணைக்கரை, அதற்குமேல் மலை. காலையில் வெளிர்நீலம், மத்தியானம் சாம்பல் கலந்த நீலம், மழைக்கு முன்னால் மை கொட்டிய நீலம். பதினாலு பக்கத்திலும் அவ்வளவையும் அள்ளிப் பூசியிருந்தாள். கனவு மாதிரி நீலம் என்று நடுவர்களே எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை மீனா வந்தாள். வெள்ளிமலைக்காரி. புளி விற்க இறங்கும்போதெல்லாம் ரேஷன் கார்டையோ ஆதாரையோ ஜெராக்ஸ் எடுக்க வருவாள். மேஜையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினாள்.

"இது எந்த ஊரு மலைக்கா?"

"உங்க மலைதான்."

மீனா சிரித்துவிட்டாள். "நல்லா சொன்னீங்க போங்க. இந்தப் பொண்ணு காலடிகூட நீலமாக் கீது. எங்க மண்ணு செவப்புக்கா. நீங்க வந்ததே இல்லீங்களா?"

நாற்பத்திமூன்று வயதாகிறது. போனதே இல்லை. தலையைத் தூக்கினால் தெரிகிற மலையை யார் ஏறிப் பார்க்கிறார்கள்? செல்விக்கு முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் கடையைத் திறக்காமல் முதல் பஸ் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் நீலம் அடுத்த வளைவுக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளிமலையில் இறங்கியபோது எங்கேயும் காணோம். செம்மண். மழை குடித்த சாமைப் பயிரின் பச்சை. பலாமரத்தடியில் பகலிலும் கலையாத இருட்டு. தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி, சொன்னபடி பஸ்ஸடிக்கு வந்திருந்த மீனாவின் பின்னால் நடந்தாள்.

மீனா தன் வீட்டைத் தாண்டி, கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பாறை விளிம்புக்குக் கூட்டிப் போனாள். செல்வி கீழே பார்த்தாள். நீலம். கரும்பு வயல், அணை, ஊர் எல்லாம் ஒரே நீலத்தில் கரைந்து கிடந்தன.

"எங்க ஊரு எங்க மீனா?"

"அதுக்குள்ளதான் எங்கியோ. சின்னப்புள்ளைல நாங்க அதக் கடலுன்னு நெனச்சிக்கினு இருந்தோம்க்கா. நீங்கல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற ஜனங்கன்னு."

செல்விக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமும் தண்ணிக்குள் உட்கார்ந்தா ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தோம்?

மத்தியான பஸ்ஸில் திரும்பியவள் கால்கூடக் கழுவவில்லை. விருதுக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த அசல் படங்களைப் பிரித்தாள். போஸ்டர் கலரைக் குழைத்து, சிறுமியின் காலடியில் முதலில் செம்மண்ணைப் பூசினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நாலு படங்களில் நீலம் மூடிப்போயிருந்தது.

திங்கட்கிழமை அரங்கநாதன் போன் செய்தார். "இன்னிக்கே அனுப்பிடுங்கம்மா. புத்தகத்துல வந்த அதே படங்கதான் வேணும். ஒரு புள்ளி மாறுனாலும் ஏத்துக்க மாட்டாங்க."

அந்த விதி சுவரிலிருந்த கடிதத்திலேயே இருந்தது. அவளே ஒட்டியது, மனப்பாடமாகத் தெரிந்தது.

"அது இல்லீங்க சார். மேலயே வரைஞ்சிட்டேன்."

"ஐயையோ! அந்த நீலத்துக்குத்தானம்மா உங்களத் தேர்ந்தெடுத்தாங்க?"

"அது கீழ இருந்து பாக்கற நீலம் சார். அந்தப் பொண்ணு மேல இருக்கா."

போனை வைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? பதினெட்டு வருஷம். மறு மாதம் விருது வேறொருவருக்குப் போனது. அன்றைக்கு முழுக்க அவள் போனைத் தொடவில்லை.

ஆறு மாதம் கழித்து அடுத்த பதிப்பு வந்தது. அரங்கநாதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் புதுப் படங்களையே போட்டிருந்தார். பேர் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. மீனா வந்ததும் செல்வி கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பின்னால் ஒரு வீடும் பலாமரமும் தெரிய, செவப்புப் பாறை விளிம்பில் சிறுமி உட்கார்ந்திருந்தாள்.

"ஐய, இது எங்க வூடுக்கா!" மீனாவின் விரல் பலாமரத்தைத் தொட்டு, பாறையில் இறங்கி, கீழே விரிந்திருந்த நீலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியில் நின்றது. "கடலுக்குள்ள இது இன்னா?"

"என் கடை."

மீனா குனிந்து உற்றுப் பார்த்தாள். "உங்களக் காணோமே?"

"உள்ளதான் இருக்கேன்," என்றாள் செல்வி. "எறும்பு சைஸுல."