பழைய கண்ணுக்குத் தெரியாத நீலம்

இரண்டு வருடங்களுக்கு முன், சிட்னியில் ஒரு குளிர்கால மழை நாளில் நடந்தது இது. நாங்கள் அதன் புறநகரான மெரிலேண்ட்ஸில் இருக்கிறோம். அப்போது என் வலக்கண்ணில் புரை எடுத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இடக்கண்ணுக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள். நான் மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன்.

காரணம் இல்லாமலில்லை. முதல் ஒப்பரேஷன் முடிந்த அன்றே கண்ணுக்குள் அழுத்தம் கூடி, மண்டை பிளக்கிற வலி, வாந்தி. சிலருக்கு அப்படி வருவது உண்டாம், மருந்திலேயே சரியாகிவிட்டது. ஆனாலும் பட்டவளுக்குத்தானே தெரியும்! சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடுமா?

அதோடு எனக்கு ஒரு வசதியும் இருந்தது. புதுக் கண்ணுக்குத் தூரம் பளிச்சென்று தெரியும். ஊசி கோக்க, மருந்துப் போத்தல் படிக்க, கண்ணாடி இல்லாமலே பழைய கண் போதும். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று, இதைவிட என்ன வேண்டும் என்று மகளோடு வாதாடினேன். புரை முற்றினால் பிறகு எடுப்பது கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். இந்த நாளை விட்டால் மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும் என்று மகள் கெஞ்சினாள். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் அந்தப் புரையின் கூத்து எனக்குத் தெரியாததல்ல. என் கணவரின் வேட்டியை எவ்வளவு தோய்த்தாலும் மஞ்சளாகவே தெரிகிறதே என்று நீலத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறேன். வலக்கண் திறந்த பிறகு பார்த்தால், மனிதர் ஆகாய நிற வேட்டியில் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீர் ஏசுவீர் என்றார். என் வாய் அப்படி.

அன்று அவர் நகரத்தில் ஒரு மியூசியத்துக்குப் போவோம் என்றார். வீட்டில் இருந்தால் மகள் போன் எடுத்து அதே கதையைத் தொடங்குவாள் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

பழைய ரோமாபுரிப் பொருட்கள் இருந்த அறையில், என் வயதுப் பெண் ஒருவர் சிறு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ரோமர் கட்டடம் என்றால் வெள்ளை வெளேரென்ற தூண்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். தெருப்பக்கச் சுவர்களுக்கு அடியில் சிவப்பும் மேலே வெள்ளையும் பூசியிருப்பார்களாம். நம் கோயில் மதில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கடை வாசல்களில் தெய்வங்களைத் தீட்டியிருப்பார்களாம். கோயில் முகப்புகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் இருக்குமாம். மழையும் வெயிலும் தின்றது போக மிஞ்சிய வெறுங்கல்லைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவர்கள் அதுதான் அவர்களுடைய நிறம் என்று நம்பிவிட்டார்களாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு ஒரு துண்டு இருந்தது. ஏதோ ஒரு கட்டடத்தின் வெளிமுகப்பிலிருந்து உடைந்தது. செதுக்கிய இலையின் மடிப்புக்குள் நீலம் மிஞ்சியிருக்கிறது பாருங்கள் என்றார் அந்தப் பெண். எல்லோரும் பார்த்து வியந்தார்கள். நானும் பெட்டியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். பழுப்பாக ஏதோ அழுக்குத்தான் தெரிந்தது. இதில் நீலம் இல்லையே என்று அவரிடமே அடித்துச் சொன்னேன்.

"உமக்குத் தெரியேல்லையே?" என்ற என் கணவர், தன் வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் வைத்தார். "அந்தப் பழைய கண்ணைப் பொத்திப்போட்டு மற்றதாலை பாரும்."

பார்த்தேன். ஐயோ, என்ன நீலம் அது! நேற்றுக் கரைத்துப் பூசியது போல இருந்தது. கண்களை மாற்றி மாற்றிப் பொத்தினேன். இடக்கண்ணில் அழுக்கு, வலக்கண்ணில் நீலம். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று யாரோ ஒருவர் சாரத்தில் ஏறி நின்று பூசிய நிறம். ரோமாபுரியே அழிந்த பிறகும் அழியாமல், கடல் தாண்டி வந்து என் முகத்துக்கு முன்னால் இருக்கிறது. அதைப் பார்த்து நான் இல்லை என்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் என் கண்ணின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யார் கண்ணுக்குமே தெரியாத இடங்களிலும் இந்த நீலம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதற்கென்று உள்ள விளக்கும் கமராவும் வைத்துப் பார்த்தால் துகள் துகளாக ஒளிரும் என்றார்.

ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம். வலிக்கு இருந்த பயம் போய்விடவில்லை. ஆனால் இது போதும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த கண், இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்குமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அடுத்த கிழமை லீவு போடு பிள்ளை. நான் ஒப்பரேஷனுக்கு வாறன்."

அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, அழுதுவிட்டாள்.

இந்த முறை ஒரு சிக்கலும் வரவில்லை. ஊசி கோக்க இப்போது கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். என் வாய் மட்டும் அன்றிலிருந்து கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஒன்று இல்லவே இல்லை என்று யாரிடமாவது அடித்துப் பேசப் போகும்போதெல்லாம் அந்த இலை மடிப்பு கண்முன் வந்து நிற்கிறது. உடனே குரலைத் தணித்து, எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.