நாலு இஞ்ச் இடம்

அவித்த முட்டையை ஸ்டியரிங்கில் இரண்டு தட்டுத் தட்டி, ஓட்டை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முழு முட்டையையும் ஒரே தள்ளாக வாய்க்குள் தள்ளுகிறார் சுருளியாண்டி. அடுத்த முட்டைக்கும் அதே தட்டு. கம்பம் ஜீப் ஸ்டாண்டில் காலை ஐந்தரை மணி. பின்னால் தூக்குவாளிகளோடு பெண்கள் ஏற ஏற ஜீப் ஆளுக்கொரு முனகல் முனகுகிறது. முன்பெல்லாம் இந்நேரம் எட்டு இட்லியும் மூன்று வடையும் உள்ளே போயிருக்கும். "இப்ப நான் திங்கிறதக் கோழி பாத்துச்சுன்னா எம்மேல கேஸ் குடுத்துரும்" என்கிறார்.

வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடமாக மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்களைக் காலையில் இறக்கி, மாலையில் திரும்ப ஏற்றி வருகிறார். பெண்கள் காய் எடுக்கும் எட்டு மணி நேரமும் இவருக்கு ஜீப்புக்குள் தூக்கம். அந்தத் தூக்கமும் பரோட்டா சால்னாவும் சேர்ந்து கட்டிய கட்டடம்தான் அந்தத் தொப்பை. "ஹாரன் அடிக்கக் கை எதுக்கு? வயித்தாலயே அடிப்பேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு போன சித்திரையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது சட்டைப் பொத்தான் அதில் மாட்டிக்கொண்டது. அரை விநாடிதான். முன்சக்கரம் தார் விளிம்பைத் தாண்டிச் சரளையில் இறங்கி, பிறகு ஏறியது. அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த பதினாலு பெண்களில் ஒருத்தியும் மலை உச்சி வரும்வரை வாய் திறக்கவில்லை. அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்கிறார்.

மைத்துனர் ஒரு சாமியாரிடம் மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கி வந்து இடுப்பில் கட்டிவிட்டார். மூன்றே வாரத்தில் கயிறு சதைக்குள் இறங்கியது. கயிறு செய்த ஒரே நல்ல காரியம், தொப்பை வளர்கிறது என்று சொன்னதுதான். பத்து ரூபாய் டேப்பும் அதைச் சொல்லும், தட்சிணை கேட்காது. பிளேடால் அறுத்தெறிந்துவிட்டு டாக்டரிடம் போனார்.

டாக்டர் சாதியா சின்ன வயதுக்காரர். ஈரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில், இடுப்பு நாற்பத்திரண்டு இஞ்ச். அரிசி, மைதா, சீனியைக் குறைக்கச் சொன்னார். கொழுப்பெல்லாம் எதிரியல்ல, நிலக்கடலை, எள், மீன், பட்டர் ஃப்ரூட் இவற்றில் இருப்பது நல்ல கொழுப்பு, அளவாகச் சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்காது என்றும் சொன்னார். சுருளியாண்டி இதைப் பக்தியோடு கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து வழக்கமான நாலு பரோட்டா முடிந்ததும், மாத்திரை போடுவதுபோல, இரண்டு கை நிலக்கடலை, ஒரு எள்ளுருண்டை, அரை பட்டர் ஃப்ரூட். ஒரு வேளை தவறவில்லை. ஒரு மாதம் கழித்து டாக்டர் டேப்பைச் சுற்றினார். நாற்பத்து மூன்றரை.

"மருந்து ஒருநா விடல டாக்டரம்மா."

"இதெல்லாம் மருந்தில்லய்யா, சாப்பாடு. அதக் குறைச்சிட்டு இதச் சாப்பிடச் சொன்னேன். அதையும் தின்னுட்டு இதையும் தின்னா?"

"அப்பப் பரோட்டாவ விடணுமா?"

"நடக்கவும் செய்யணும். தொப்பைய மட்டும் தனியாக் கரைக்கிற சாமான் உலகத்துலயே கெடையாது."

வீட்டுக்கு வந்து மனைவி உமாதேவியிடம், "அந்தம்மா ரெம்ப நல்லவுக. என்னைய முட்டாள்னு ஒரு வார்த்த சொல்லல" என்றார். "சொல்லணுமாக்கும்" என்றாள் உமாதேவி.

பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. காலையில் முட்டை, மதியம் ஒரு கரண்டிச் சோறு, அதைவிட மூன்று மடங்கு காய், கூட ஒரு துண்டு மீன். நிலக்கடலை ஒரு கைதான், அதுவும் உமாதேவியின் கையளவு. மலை மேலே டீக்கடையில் "சேட்டா, மதுரம் வேண்டா" என்று சொல்லிச் சீனியில்லாத டீயைக் கசாயம் குடிக்கும் முகத்தோடு குடிப்பார். முன்பு ஜீப்புக்குள் தூங்கிய நேரத்தில் தோட்டத்துப் பாதையில் நடந்தார். முதல் வாரம் நூறடிக்கு ஒருதரம் நின்று, செடியைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கினார். "டிரைவரண்ணே, எஸ்டேட்ட வெல பேசுறீகளா?" என்று காய் எடுக்கும் பெண்கள் கேட்டார்கள்.

நடந்ததால் ஒன்று கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருடமாகத் தான் ஏற்றி இறக்கும் பெண்கள் மதியத்தில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தார். தூக்குவாளி நிறையச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாய். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்காரும் இருளம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது, ரத்தசோகை, ஹீமோகுளோபின் எட்டுக் கிராம்தான். ஒருநாள் பட்டர் ஃப்ரூட்டில் பாதியை அறுத்து நீட்டினார்.

"இதத் தின்னா தொப்பை கொறையுமாக்கும்?"

"கொறையும்க்கா."

"எனக்கு இருந்தாத்தானய்யா கொறைய. உன்னோடதுல கொஞ்சம் அறுத்துக் குடு."

ஒரே ஜீப்பில் இரண்டு நோய்கள் மலையேறிக்கொண்டிருந்தன. ஒன்று தின்றதால் வந்தது, மற்றது தின்னாததால் வந்தது. முதல் நோய்க்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. இரண்டாவது நோய்க்காரிகளை ஒரு ஜீப்புக்குப் பதினாலாக அடுக்குகிறார்கள். எங்காவது வண்டி உருண்டால் ஒரு வாரம் அதிகாரிகள் வந்து தலையை எண்ணுவார்கள். எட்டாவது நாள் எண்ண ஆளிருக்காது.

மூன்று மாதத்தில் இடுப்பு நாலு இஞ்ச் இறங்கியது. பொத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. இதைவிட அவர் பெருமையாகச் சொல்வது வேறொன்று. இத்தனை வருடமும் ஒரு பக்க இடுப்பை மட்டும் சீட்டில் வைத்து, மறுபாதியைக் கியர் கம்பிப் பக்கம் தொங்கவிட்டு வந்த இருளம்மாள், முதல்முறையாக முழுசாக உட்கார்ந்தாள். "நான் பட்டினி கெடந்தேன், அக்காவுக்குச் சீட்டுக் கெடச்சிருச்சு" என்பார்.

அந்த இடம் ஆள் அனுப்பும் கங்காணி ராஜபாண்டியின் கண்ணிலும் பட்டது. சுருளியாண்டி ஓட்டுவதோடு சேர்த்து நாலு ஜீப்பும் அவருடையது. ஒரு திங்கள்கிழமை பைக்கில் உட்கார்ந்தபடியே ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் தூக்குவாளியோடு புதுப்பெண் திரிஷா நின்றாள். முதல்நாள் வேலை.

"சுருளி, நீதான் நல்லா எளைச்சிட்டியே. முன்னால இன்னொரு ஆளு தாராளமா ஒக்காரும். நாலாவது வண்டிக்கு இன்னைக்கு மூணே பேரு. மத்த மூணு வண்டியிலயும் ஒவ்வொருத்தியா ஏத்திட்டா அந்த வண்டிய நிறுத்திரலாம். மொதல்ல உன் வண்டி."

"இதுல பதினாலு பேரு இருக்காகண்ணே."

"பதினாலு ஏறுற எடத்துல பதினஞ்சு ஏறாதா? நாளைக்கு வண்டி ஓட்டணுமா வேண்டாமா நீ?"

பழக்கத்தில் இருளம்மாள் அதற்குள் ஒரு பக்க இடுப்பைத் தூக்கிவிட்டாள். சுருளியாண்டி அவள் பக்கம் திரும்பாமலே, உட்காருங்கள் என்று கையைத் தாழ்த்திக் காட்டினார்.

"தாயி, நீ நாலாவது வண்டிக்குப் போ" என்றார் திரிஷாவிடம். "அங்கன காத்தோட்டமா இருக்கும். இங்கன எடமில்ல."

"எடமில்லையா? கண்ணு முன்னாலயே கெடக்கேடா" என்றார் ராஜபாண்டி.

சுருளியாண்டி சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு முழங்காலையும் அகட்டினார். மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்துக் குறைத்த வயிற்றில் மிச்சமிருந்த அவ்வளவையும், இருக்கிற மூச்செல்லாம் இழுத்து நிரப்பி, ஸ்டியரிங்கில் முட்டும்வரை முன்னால் தள்ளினார்.

"எங்கண்ணே இருக்கு எடம்?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். ராஜபாண்டி முறைத்தார். சுருளியாண்டி முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரிஷா நடந்துபோய் ஏறி, நாலாவது ஜீப் கிளம்புகிற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் மூச்சை விட்டார்.