ஒருமுறை தட்டினால் நிறுத்து

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். எனக்கும் எதையும் சட்டென்று நம்புகிற பழக்கம் கிடையாது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. ஒரு தடவை பார்த்ததை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அப்புறம், பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தபோது வெயில் முழுசாக இறங்கக்கூட இல்லை.

முதலில் என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். பின்பக்கம் பெட்டி மாதிரி மூடிய வேன். பின்னால் எடுக்கும்போது ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. யாராவது ஓரமாக நின்று தகரத்தில் தட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு தட்டு தட்டினால், வா. ஒரு தட்டு தட்டினால், நிறுத்து. என் மகள் பாப்பாவுக்கு அந்த வேலை என்றால் உயிர். மாமா வேன் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு ஓடுவாள். ஆறு வயது.

அந்த வேனுக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்கும் நடுவில்தான் அவள் போனாள்.

அடக்கம் முடிந்ததும் கல்லறையிலேயே தம்பி என் காலைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னான். "பாப்பா தட்டுனா, அக்கா... ஒரு தட்டு. எனக்குக் கேட்டுச்சு. போன்ல பேசிட்டிருந்தேன். விளையாடுறான்னு நெனச்சுட்டேன்."

தெரியாமல் நடந்திருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன். ஆனால் அவனுக்குக் கேட்டிருக்கிறது. "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றேன். மூன்று வருடம் முழிக்கவில்லை. என் வீட்டுக்காரர்கூட மனம் இறங்கி அவனோடு பேச ஆரம்பித்துவிட்டார். நான் இறங்கவில்லை. கோவிலில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். மனதில் பகையோடு அப்பமும் ரசமும் வாங்கக்கூடாது என்பதால் திருவிருந்துக்கும் எழுந்து போகமாட்டேன்.

போதகர் ஒரு நாள் காரணம் கேட்டார். "கடவுள் வேணும்னா மன்னிக்கட்டும் ஐயா. அவருக்கு மனசு பெருசு. என்கிட்ட அவ்வளவு இல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "உன்கிட்ட இல்லன்னு எனக்கும் தெரியும்மா. அவர்கிட்டயே கேட்டு வாங்கிக்கோ" என்றார். நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு லேபை விட்டு வெளியே வந்தால், வாசலில் தம்பி. ஆள் பாதியாக இளைத்திருந்தான். பின்னால் அதே வேன்.

"இத இன்னும் விக்கலையா நீ?"

"விக்க முடியலக்கா. பாப்பா இதுலதான் இருக்கா."

ஓங்கி அறைந்திருப்பேன். அவன் கண்ணைப் பார்த்ததும் கை எழவில்லை.

"ரிவர்ஸ் எடுத்தா தட்டுறா. ரெண்டு தட்டு. மூணு வருஷமா வா, வான்னு கூப்பிடுறா... போயிடலாம்னு இருக்கேன்க்கா. அதுக்கு முன்னாடி நீயும் ஒரு தடவ கேட்டுடு."

எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பின் பிறந்தவன். முகத்தைப் பார்த்தால் தெரியாதா? ஏறி உட்கார்ந்தேன்.

ரொட்டிக் கம்பெனியின் பின்முற்றத்துக்குப் போனோம். வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். மூன்று பக்கமும் உயரமான சுவர். தம்பி கேட்டை உள்ளே பூட்டிவிட்டு வந்தான். மணி ஐந்து ஐம்பது.

கியர் போட்டான். வேன் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. எஞ்சின் சத்தம் மட்டும்.

"ஒண்ணும் இல்லையேடா..."

டொக் டொக்.

வேனின் கடைசியில். தகரத்தில். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். முற்றம் காலி.

டொக் டொக்.

ஏதோ கழன்று ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடுகிற தகரம் இப்படிப் பொறுத்திருந்து தட்டாது. கொஞ்சம் நகர்ந்ததும்... டொக் டொக். இன்னும் கொஞ்சம்... டொக் டொக். பாப்பா அப்படித்தான் தட்டுவாள்.

எனக்குப் பயம் வரவில்லை. பொறாமை வந்தது. மூன்று வருடம் அவள் தலையணையில் முகம் புதைத்துப் படுத்தேன். ஒரு நாள்கூட என்னிடம் வரவில்லை. கொன்றவனிடம் போயிருக்கிறாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். வேன் வேகம் பிடித்தது.

"வரேன் பாப்பா..."

"டேய், பின்னால சுவர்டா..."

டொக் டொக்.

"டேய்!"

டம்!

ஒரே ஒரு தட்டு. உள்ளங்கையால், ஓங்கி.

அவன் கால் பிரேக்கில் விழுந்தது.

வேன் நின்றது.

எஞ்சினும்...

இறங்கிப் போய்ப் பார்த்தேன். வேனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்கிற அளவு இடம் இருந்தது. குழந்தை இல்லை.

தம்பி தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "இத்தன நாள் ஒரு தரம்கூட நிறுத்தச் சொல்லலக்கா. இன்னிக்குத்தான் சொன்னா... நான் நிறுத்திட்டேன்ல? நிறுத்திட்டேன்லக்கா?"

"நிறுத்திட்டடா" என்றேன்.

என் கை அவன் தலைமேல் போனது. "மன்னிச்சுட்டேன்" என்று வாய் சொன்னது. நான் மன்னித்தேன் என்று பெருமை பேசமாட்டேன். என்னிடம் அது அன்றைக்கும் இல்லை. உள்ளே தேடினால் ஆத்திரம்தான் கிடந்தது. கடவுள் என் கையில் வைத்தார், நான் இவனுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். கொடுக்கும்போது வலித்தது. பாப்பாவை மறுபடியும் அடக்கம் செய்தமாதிரி அழுதேன்.

மறுநாள் திருவிருந்துக்கு அக்காவும் தம்பியும் சேர்ந்து எழுந்து போனோம். அதற்குப் பிறகு வேனில் எந்தச் சத்தமும் இல்லை. தம்பி பிழைத்துக்கொண்டான். எனக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் கிடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் எல்லாம் பிரமை என்று நானே சொல்லியிருப்பேன். இரண்டு வாரம் கழித்து தம்பி வேனை வாட்டர் சர்வீஸுக்கு எடுத்துப்போனான். நானும் கூடப் போனேன். வண்டி கழுவுகிறவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பின்கதவையே பார்த்தபடி நின்றார்.

"என்னம்மா, இந்தத் தடவ உங்க வீட்டுப் பொண்ணோட கையக் காணோம்?"

"எந்தப் பொண்ணு?"

"தூசியில கை பதிச்சு வெச்சிருக்குமே. மூணு வருஷமா நான்தானே கழுவுறேன். மொதல்ல நம்பர் பிளேட் பக்கத்துல, குட்டிக் கையா இருந்துச்சு. போன மாசம் பார்த்தா கதவுக் கைப்பிடிக்கு வந்துடுச்சு. கையும் பெருசாயிடுச்சு."

தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே சிரித்தார்.

"பொண்ணு நல்லா வளருதும்மா."