பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி

காலை ஐந்து ஐம்பது. கழக்கூட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் முதலில் கண்ணில் பட்டது, ஒரு காரின் தலையில் கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்த இரண்டு சைக்கிள்கள். சக்கரங்கள் வானத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவதை ஏற்றத் திணறிக்கொண்டிருந்தவர் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் நிதின். மென்பொருள் அலுவலகத்தில் வேலை. நான் பால் எடுக்கக் கீழே இறங்கியிருந்தேன்.

"எங்கே, இந்நேரத்துல?"

"பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிள். ஹெரிடேஜ் ரைடு. தக்கலை வரைக்கும் கார். அவிடெருந்து உள்வழி. டிராஃபிக்கே இல்லாத ரூட்டு."

சைக்கிள் ஓட்டுவதற்காக எழுபது கிலோமீட்டர் கார் ஓட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது. சொல்லவில்லை. இப்போதெல்லாம் கருத்து வைத்திருப்பதே களைப்பாக இருக்கிறது. அதை எடுத்து வெளியே வேறு வைக்க வேண்டுமா?

"அங்கிளோட காலத்துல ரோடெல்லாம் காலியா கிடந்திருக்கும், இல்லே?"

"கிடந்தது. மாசத்துக்கு ஒரு நாள். சில மாசம் ரெண்டு நாள்."

அவருக்குப் புரியவில்லை. சிரித்துவைத்தார். சங்கிலிக்குப் புதிதாக எண்ணெய் போட்டிருந்தார்போல. அந்த வாசனை லிஃப்ட் வரைக்கும் என்கூடவே வந்தது. இன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை.

நான் சொன்னது ஹர்த்தாலை. வெளியூர்க்காரர்களுக்கு அதைக் கடையடைப்பு என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடையை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை சாலையே அடைப்பு. யாராவது ஒரு கட்சி அறிவிக்கும், எல்லோரும் வீட்டுக்குள் இருப்பார்கள். முந்தின நாள் மாலை கோழிக்கடையில் வரிசை நிற்கும். அதை வைத்தே நாளைய ஹர்த்தால் எவ்வளவு வெற்றி என்று நாங்கள் பத்திரிகையில் கணித்துவிடுவோம். அறிவிப்பின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கு விலக்கு. கல்யாண வண்டி, சாவு வண்டி என்றால் அதற்கும். விலக்கு உள்ளவர்கள் வெள்ளைத்தாளில் பெரிதாகக் காரணத்தை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். என் சைக்கிளின் கைப்பிடியிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மலையாளத்தில், 'பத்ரம்', அதாவது பத்திரிகை.

நான் அப்போது ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இரண்டாவது வருடம். "தெற்கே எல்லை வரைக்கும் நிலவரம் பார்த்துட்டு வரேன்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, உண்மையில் பார்க்கப் போனது கோட்டைகளையும் குகைக் கோயில்களையும். ஒரு ஹர்த்தாலுக்கு அஞ்சுதெங்குக் கோட்டை. ஒன்றுக்கு விழிஞ்ஞம். ஒன்றுக்குச் சிதறால் மலை. ஏறும்போது தண்ணீர் தீர்ந்துபோய், சமணச் சிற்பங்களுக்குக் கீழே நாக்கு ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தோம். எந்த நூற்றாண்டு என்று குறிப்பு எடுத்தேனா என்றால் எடுத்தேன். அந்த நோட்டு எங்கே என்று கேட்காதீர்கள்.

கூட வந்தவன் மணி. ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடையில் எடை போடுபவன். குடும்பம் வள்ளியூர்ப் பக்கம். ஹர்த்தாலன்று 'சாலை' என்ற அந்தக் கடைத்தெரு மொத்தமும் ஷட்டர் இறக்கிவிடும், அவனுக்கு விடுமுறை. எத்தனை முறை குளித்தாலும் அவன் சட்டையிலிருந்து வற்றல் நெடி போகாது. அவனுக்குப் பின்னால் ஓட்டினால் தும்மல் வரும், முன்னால் ஓட்டினால் பேச்சு வரும்.

"கேட்டீராவே சாரே? ஒரு பஸ்ஸு இல்ல, ஒரு லாரி இல்ல. மகாராஜா வாரார்னு ரோட்டை ஒழிச்சு விட்டாப்புல இருக்கு."

அப்படித்தான் இருந்தது. கரமனைப் பாலத்தில் ஆற்றின் சத்தம் கேட்டது. அந்த ஆற்றுக்குச் சத்தம் உண்டு என்பதே ஹர்த்தாலில்தான் தெரியும். பாலராமபுரத்தில் நெசவுக்குப் போடும் கஞ்சிப்பசையின் புளித்த வாசனை. அதைத் தாண்டினால் மரவள்ளிக் கிழங்கு வேகும் வாசனை. நெடுஞ்சாலையின் நடுக்கோட்டின்மேல் ஓட்டுவோம். எனக்கு அதில் ஒரு மெல்லிய வெட்கமும் இருந்தது என்று இன்று சொன்னால் நம்ப வேண்டாம். அன்று இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கிளம்பிய நாளைச் சொல்கிறேன். எட்டு மணிக்கு, நெய்யாற்றின்கரைக்குச் சற்று முன்னால், சாலையோரமாக ஒரு பெண் வேகமாகத் தெற்கே நடந்துகொண்டிருந்தார். நீலக் கரை வைத்த பருத்திப் புடவை, நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் ஃபைல். இருபத்தைந்து வயதுக்குள். மணி பிரேக் போட்டான்.

"எங்கம்மா இப்பிடி ஓட்டமும் நடையுமா?"

"மார்த்தாண்டத்துக்கு, அண்ணா. பத்தரைக்கு இன்டர்வியூ. களியக்காவிளை தாண்டிட்டா பஸ்ஸு ஓடுது, அங்கன ஹர்த்தால் இல்லல்லா? அதுவரைக்கும் நடந்திரலாம்னு பாத்தேன்."

பெயர் எஸ்தர். தமிழாசிரியர் வேலை, ஒரு தனியார் பள்ளியில். மாநில எல்லையான களியக்காவிளை இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருந்தது. நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது; நின்று கணக்குப் பார்த்தால் கால் ஓடாது என்று நடந்துகொண்டே இருந்தார்.

"ரெண்டு வருசமா டுடோரியல்ல கெடந்து கத்துறேன். இது பெர்மனன்ட் போஸ்டு. கேரளத்தில தமிழ் டீச்சருக்கு எங்க வேக்கன்சி? இது போனா பின்ன எப்பன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

என் சைக்கிளுக்குக் கேரியர் கிடையாது. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று நானே கழற்றிப் போட்டிருந்தேன். மணியின் கேரியரில் ஏறிக்கொண்டார். நூறு அடி போவதற்குள் மூன்று தும்மல்.

"அண்ணா, சட்டையில என்ன, மிளகாயா?"

"மிளகாய்க் கடைம்மா. ஞாயித்துக்கெழமை மட்டும் மனுச வாசம் அடிப்பேன்."

அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. எட்டரை வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அமரவிளைப் பாலம் தாண்டியதும் ஹர்த்தால் அறிவித்த கட்சிக்காரர்கள் சாலைக்குக் குறுக்கே ஒரு கருங்கல்லும் ஆறேழு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். பொதுவாகச் சைக்கிளை யாரும் தடுப்பதில்லை. அன்று தடுத்தார்கள், முந்தின நாள் அவர்கள் ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்திருந்ததால் கோபமாக இருந்தார்கள். தலைவர் ஐம்பது வயதுக்காரர், வெளுத்த வேட்டி, சாந்தமான முகம். என் கைப்பிடித் தாளைப் படித்தார். பிறகு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்:

"மூணு பேரும் பத்ரத்தில் தன்னேயா?"

மூன்று பேரும் பத்திரிகைதானா? அவ்வளவுதான் கேள்வி. அவர் பாதி நம்பியிருந்தார். தலையை ஆட்டியிருந்தால் போதும். செய்தி மேசையில் இரண்டு வருடம் பிறர் எழுதியதில் தப்புத் திருத்தியே எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வாக்கியத்தில் ஒரு தகவல் பிசகினால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

"அல்ல. ஞான் மாத்ரம்."

நான் மட்டும்தான் என்றேன். மணி என்னைத் திரும்பிப் பார்த்தான். யாரோ ஒருவர் குனிந்து அவன் சைக்கிளின் இரண்டு வால்டியூபையும் பிடுங்கித் தோப்புக்குள் எறிந்தார். காற்று போகும் சத்தம் நீளமாகக் கேட்டது.

"சாருக்குப் போகலாம்" என்றார் தலைவர், எனக்காகத் தமிழில்.

நான் போகவில்லை. அதை என் கணக்கில் ஒரு நல்லதாக வெகுநாள் வைத்திருந்தேன். நின்று வாதாடினேன். ஹர்த்தாலில் சைக்கிளைத் தடுக்க எந்த முன்னுதாரணமும் இல்லை என்றேன். நடமாடும் உரிமை என்றேன். அவர் ஃபிளாஸ்கிலிருந்து எனக்குப் பால் விடாத கட்டன்சாயா ஊற்றித் தந்து பொறுமையாகக் கேட்டார். மணி தன் பங்குக்கு, "பத்து நிமிசத்துல விட்டுருவாங்கம்மா, நீ பதறாத" என்று எஸ்தரை இரண்டு தடவை நிறுத்தினான். இரண்டாவது தடவை சொன்னபோது நேரம் ஒன்பதரை. எஸ்தர் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அது ஒரு குறையும் இல்லாமல், காற்று நிறைந்து, ஸ்டாண்டில் நின்றது.

பத்து மணிக்கு அவர்தான் கேட்டார்.

"சார், ஒங்க சைக்கிளை எனக்குத் தருவியளா?"

"ஓட்டுவீங்களா? இது ஜென்ட்ஸ் சைக்கிளாச்சே."

"எங்கப்பாக்கு ஜென்ட்ஸ் சைக்கிளுதான். சொசைட்டிக்குப் பால் கேன் கட்டி நான்தான் கொண்டு போவேன்."

ஒன்றரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே நின்ற எனக்கு இது தோன்றவில்லை. மணிக்கும் தோன்றவில்லை. புடவை கட்டிய பெண் என்பதற்கு மேல் நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. தலைவர் கையை நீட்டித் தடுத்தார்: இவர் பத்திரிகை இல்லை என்று சாரே சொல்லிவிட்டாரே. எஸ்தர் கைப்பிடித் தாளைக் காட்டினார்.

"சேட்டா, பேப்பர் ஒட்டியிருக்கது சைக்கிள்ளதானே? சாருக்கு நெத்தியில ஒண்ணும் ஒட்டலியே. அப்ப விலக்கு சைக்கிளுக்குத்தான். ஆரு ஓட்டினா என்ன?"

தலைவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அன்று முதல்முறையாகச் சிரித்து, கல்லை நகர்த்தச் சொன்னார். "போட்டே, போட்டே" என்றார், போகட்டும் என்று. எஸ்தர் ஃபைலைக் கைப்பிடியில் மாட்டி, கொசுவத்தைச் செருகிக்கொண்டு, அந்தக் கருங்கல்லின் மேலேயே ஏறி நின்று சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு வரைக்கும் அவர் நின்றபடி மிதித்தது தெரிந்தது.

நாங்கள் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்து கிலோமீட்டர் நடந்தோம். அரை மணி நேரம் மணி எனக்குப் பத்தடி முன்னாலேயே தள்ளிக்கொண்டு போனான். பிறகு, "சத்தியசந்தரே, தண்ணி இருக்கா?" என்றான். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான்.

களியக்காவிளையில் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஹாரன் சத்தமும் டீசல் புகையும் ஒரே நேரத்தில் முகத்தில் அடித்தன. வாழைக்குலைக் கடையில் என் சைக்கிள் சாய்ந்து நின்றது. கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் கண்டுகொண்டார்.

"ரெண்டு அண்ணமாரு வருவாவ, குடுத்திருங்கன்னு டீச்சரு சொல்லிட்டுப் போச்சு. ஓடிப்போயி பஸ்ஸில கேறிச்சு."

"பாத்தீரா! டீச்சராம்!" மணிக்கு முகமெல்லாம் பல். "அப்ப வேலை கெடைச்ச மாதிரிதான்." புடவையையும் ஃபைலையும் பார்த்து அந்த அம்மா சொன்ன சொல் அது. திருத்தம் வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்கு அதற்குள் போதுமான அளவு திருத்தியிருந்தேன்.

அரண்மனைக்குப் போகவில்லை. மாலை ஆறு வரை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். அலுவலகத்தில் என் பங்குக்கான செய்தியை எழுதிக் கொடுத்தேன்: தெற்குப் பகுதியில் ஹர்த்தால் முழு அமைதி, அசம்பாவிதம் ஏதுமில்லை. ஒரு எழுத்துகூட மாற்றாமல் அச்சானது.

இன்று காலை பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு மணிக்கு ஃபோன் செய்தேன். வள்ளியூரில் மகன் வீட்டில் இருக்கிறான். முட்டி தேய்ந்துவிட்டது, மாடிப்படி ஏறக்கூடாதாம். நிதினின் கார் சைக்கிளைச் சொன்னேன். சிரித்து இருமினான். பிறகு எப்போதும்போல அங்கேதான் வந்தான்.

"அந்த டீச்சரம்மா இப்ப ரிட்டயர் ஆகுற வயசை நெருங்கியிருக்கும், என்னவே? ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகியிருந்தாலும் ஆச்சரியமில்ல. என்னா வாயி! நாம ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கோம்வே சாரே."

"ஆமா மணி."

முப்பது வருடமாக இந்த 'ஆமா'வைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்போல் நினைத்தபோது சாலை காலியாவதில்லை. யாருக்கும் அதில் வருத்தமில்லை, எனக்கும் இருக்க நியாயமில்லை. மணி எடை போட்ட கடையில் மொபைல் உறை விற்கிறார்கள். கழக்கூட்டத்திலிருந்து எல்லைப் பக்கம் போகப் புறவழிச்சாலை வந்துவிட்டது. அதில் போகிறவர்களுக்கு நெய்யாற்றின்கரையும் அமரவிளையும் வழியில் வருவதே இல்லை. கரமனை ஆற்றின் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருடமாகிறது. நான் வேலை பார்த்த பத்திரிகை நின்றுபோயிற்று.

அந்த ஹர்த்தாலுக்கு அடுத்த வாரம், மணியிடம் சொல்லாமல், பஸ் ஏறி மார்த்தாண்டத்துக்குப் போய் அந்தப் பள்ளியில் விசாரித்தேன். அலுவலகத்தில் இருந்தவர் நேர்காணலுக்கு வந்தவர்களின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒன்பது பெயர்கள். ஒன்பதாவது எஸ்தர். வந்த நேரம் பதினொன்று முப்பத்தைந்து. பதினோரு மணிக்கே ஆளை எடுத்துவிட்டிருந்தார்கள்.